எந்தத் தோட்டம்?

மலேசியாவில் ஒரு தமிழ் நாவலாசிரியரை மேடையில் உட்கார வைத்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். "சார், நீங்க எந்தத் தோட்டம்?" அப்பா பால்வெட்டா, தண்டலா, கிராணியா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள்ளேயே அடக்கம். இரண்டாவது, முதல் கதை எந்தப் பத்திரிகையில் எந்த வருஷம் வந்தது. மூன்றாவது, வீட்டில் ஒத்துழைப்பு எப்படி. எழுத்தாளர் பெண்ணாக இருந்தால் இந்த மூன்றாவது கேள்வி முதலாவதாக வந்துவிடும். நாலாவது கேள்விக்கு முன்னால் மீ கோரேங் வந்துவிடும்.

அவர் பல வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவல் முன்மேசையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பாதியில் ஏன் கதை சொல்பவர் மாறுகிறார், கடைசி அத்தியாயத்தில் அந்தக் கிழவி ஏன் வாயே திறக்கவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டுமானால் படித்திருக்க வேண்டுமே!

ஜொகூரில் இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு வருஷக்கணக்காகப் போய் வருகிறேன். மூவாரில் நடந்தாலும் குளுவாங்கில் நடந்தாலும் ஜொகூர் பாருவில் நடந்தாலும் கேள்விகள் மாறியதில்லை. எழுத்தாளரின் வாழ்க்கையைக் கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் எழுதியதைப் படிக்காமல் தப்பிக்க நாம் கண்டுபிடித்த வழி இது. இதில் நம்மைவிட அதிகம் கெட்டுப்போனவர் நாவலாசிரியர்தான். அவரைவிடவும் அதிகம் நஷ்டப்பட்டது, இன்னும் எழுத ஆரம்பிக்காத பிள்ளைகள்.

முதலில் நாவலாசிரியர்களை எடுத்துக்கொள்வோம். நூல் வெளியீடுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. "இதெல்லாம் நான் கண்ணால பாத்தது. ஒரு வரிகூட கற்பனை இல்ல." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும். கைத்தட்டலும் கிடைக்கும். போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுப்பவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒரு நாவலாசிரியர் ஏன் சொல்கிறார்? கற்பனை இல்லை என்றால் அதற்கு நாவல் என்று ஏன் பெயர்?

அந்த வாக்கியத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. விமர்சகனின் வாயை அது அடைத்துவிடும். நாவலில் வரும் பாட்டி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அழுதுகொண்டே இருக்கிறார், அவருக்கு ஒரு குறும்பு இல்லை, ஒரு பொய் இல்லை, யார்மேலும் ஒரு பொறாமை இல்லை என்று சொல்லிப் பாருங்கள். "எங்க பாட்டி பட்ட பாடு உங்களுக்கு என்னங்க தெரியும்?" என்று பதில் வரும். பாத்திரத்தைக் குறை சொன்னவன் பாட்டியை அவமானப்படுத்தியவன் ஆகிவிடுவான். அதற்குப் பயந்து நம் மதிப்புரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் ஆகிவிட்டன: ஆசிரியர் இன்ன தோட்டத்தில் பிறந்தார், வறுமையில் வளர்ந்தார், மண்வாசனையோடு எழுதியிருக்கிறார், வாழ்த்துகள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றி வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பெரட்டில் எண்ணப்பட்ட தலைகள், கொண்டுவந்து ஊற்றிய பாலின் எடை. தமிழ்நாட்டு இலக்கிய உலகத்துக்கு நாம் எப்போதாவது நினைவுக்கு வரும் அயலகத்தார். அந்த நிலைமையில் "நான் அங்க இருந்தேன்" என்று சொல்வதே பெரிய காரியமாக இருந்தது. ஒரு தலைமுறை அதைச் சொல்லியது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் சாட்சி சொல்வது நாவலுக்குத் தொடக்கம்தான். அங்கேயே நின்றுகொண்டு விருது கேட்பதில்தான் எனக்குச் சண்டை.

நம் பெரிய துயரத்தையே எடுத்துப் பார்ப்போம். 1942, 43இல் ஜப்பானியர் போட்ட சயாம் – பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் அங்கே கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். திரும்பி வந்தவர்கள் நம் வீடுகளில் வாழ்ந்து முடித்தார்கள். அவர்களில் பலர் பேசவே இல்லை. இந்தப் பாதையைப் பற்றித் தமிழில் நாவல்கள் இருக்கின்றன: ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', கோ. புண்ணியவானின் 'கையறு'. இவர்களில் புண்ணியவான் போருக்குப் பிறகு பிறந்தவர். "கண்ணால பாத்தது" என்ற அளவுகோலை வைத்தால் அவர் அந்த நாவலைத் தொட்டிருக்கவே கூடாது. தொட்டார். பார்க்காததைக் கேட்டும் படித்தும் கற்பனை செய்தும் எழுதலாம் என்று நம்பியதால் தொட்டார். இந்த மூன்று நாவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எங்கே உயர்கிறது, எது எங்கே செய்திக் குறிப்பாகச் சரிகிறது என்று பேச வேண்டிய கூட்டத்தில், யாருடைய தாத்தா சயாமுக்குப் போனார் என்று விசாரித்துக்கொண்டிருந்தால் என்ன அர்த்தம்?

ப. சிங்காரத்தைப் பாருங்கள். சிங்கம்புணரிக்காரர். பதினெட்டு வயதில் மேடானுக்குக் கப்பலேறி வட்டிக்கடையில் வேலை பார்த்தவர். போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் சேர்ந்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாகவே வாழ்ந்து 1997இல் காலமானார். எழுதியது இரண்டே நாவல். 1972இல் வந்த 'புயலிலே ஒரு தோணி'க்குப் பிறகு இன்னொன்று எழுதவில்லை. தன்னைப் பற்றி மேடையேறி அவர் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவரோடு அதே மேடானில், அதே பினாங்கில், அதே போரில் எத்தனை ஆயிரம் தமிழர்கள் இருந்திருப்பார்கள்? எத்தனை அடுத்தாள்கள் அதே பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருப்பார்கள்? எல்லோருக்கும் அதே பின்புலம். நாவல் எழுதியவர் ஒருவர். அந்த வித்தியாசம் பின்புலத்தில் இல்லை. பாண்டியன் என்ற ஒருவனை உண்டாக்கி, அவன் மண்டைக்குள் மதுரைத் தெருவையும் மேடான் தெருவையும் பழைய இலக்கியத்தையும் கேலியையும் ஒன்றாக ஓடவிட்ட அந்த வேலையில் இருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

பின்புலத்தை எழுதவே கூடாது என்று நான் சொல்வதாக யாராவது கிளம்பலாம். அவர்களுக்குக் கே.எஸ். மணியத்தைக் காட்டுகிறேன். கெடா, பீடோங்கில் 1942இல் பிறந்தவர். ஆங்கிலத்தில் எழுதியதால் நம் தமிழ்க் கூட்டங்களில் அவர் பெயரை அதிகம் கேட்க முடியாது. 1981இல் வந்த 'தி ரிட்டர்ன்' நாவலில் வரும் பையன் ரவி, சலவைத் தொழிலாளியின் மகன். ஆங்கிலப் பள்ளிக்கூடம் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டிலிருந்து பிரித்து எடுத்துவிடுகிறது. அப்பா தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் வீடு கட்டிப் பிடிவாதம் பிடித்து அழிகிறார். படித்த மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மணியத்தின் வாழ்க்கை அந்த நாவலில் நிறையவே இருக்கிறது. ஆனால் "நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டோம் பாருங்க" என்ற தொனி அதில் எங்கும் இல்லை. தன் பின்புலத்தை அவர் நற்சான்றிதழாக நீட்டவில்லை, தன்மேலேயே போட்ட வழக்காக எழுதினார். எழுதுகிற கை தன் சொந்த வீட்டுக்கு என்ன செய்தது என்று கேட்டார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல்? நம் தோட்டத்து நாவல்களில் கெட்டவர்கள் துரையும் கிராணியும் கங்காணியும். கதை சொல்லும் மகன் மட்டும் எப்போதும் சுத்தம்.

இனி ஜொகூருக்கு வருகிறேன். 1950களில், அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது, ஜொகூர் பாரு பொது மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் வேலை பார்த்தார். பெயர் ஹான் சூயின். அப்பா சீனர், அம்மா பெல்ஜியத்துக்காரர். கணவர் லியோன் கோம்பர், பிரிட்டிஷ் போலீஸ் சிறப்புப் பிரிவு அதிகாரி. "எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் அந்தம்மாவிடம் பதில் இருந்திருக்காது. எந்தப் புதுக்கிராமம் என்று கேட்டாலும் இருந்திருக்காது. 1956இல் அவருடைய 'அண்ட் தி ரெயின் மை டிரிங்க்' வந்தது. டாக்டருக்கு ஒரு மொழி, நர்ஸுக்கு ஒரு மொழி, நோயாளிக்கு இன்னொரு மொழி. யாருக்கும் யார் சொல்வதும் முழுசாகப் புரியாத ஒரு ஆஸ்பத்திரி அதில் வருகிறது. முள்கம்பிக்குள் அடைக்கப்பட்ட கிராமங்களும் சரணடைந்தவர்களும் காட்டிக்கொடுத்தவர்களும் வருகிறார்கள். பிரிட்டிஷாருக்கு நாவல் கசந்தது. கணவர் போலீஸ் வேலையை விடவேண்டி வந்தது. அதே ஜொகூரில், அதே வருஷங்களில், நம் ஆட்களும் தோட்டங்களில் இரண்டு பக்கத்துக்கும் பயந்து வாழ்ந்தார்கள். லாபிஸ், யோங் பெங் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இன்றும் சொல்வார்கள். ஊரில் பிறந்தவர்கள் நாம். வந்து சேர்ந்த ஒரு டாக்டர் அந்த ஊரின் பயத்தைக் கேட்டு எழுதிய உயரத்தில், அந்தக் காலத்து ஜொகூர்த் தோட்டங்களைப் பற்றி நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்?

"அப்படின்னா வெளியூர்க்காரன் வந்து எழுதினா போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. அகிலனும் வந்தார். இங்கே தங்கிப் பார்த்துவிட்டு 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். அக்கறையோடுதான் எழுதினார். ஆனாலும் என் வாசிப்பில் அது ஒரு விருந்தாளியின் நாவல். விருந்தாளிக்கு வீட்டின் துக்கத்தைச் சொல்வார்கள், வீட்டின் அசிங்கத்தைச் சொல்ல மாட்டார்கள். ஹான் சூயினுக்கும் அகிலனுக்கும் உள்ள வேறுபாடு யார் எங்கே பிறந்தார்கள் என்பதில் இல்லை. யார் யாருடைய வாயிலிருந்து எவ்வளவு காலம் கேட்டார்கள் என்பதில் இருக்கிறது. மருத்துவமனையில் மனிதர்கள் விருந்தாளிக்குப் பேசுவதுபோலப் பேசுவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்தே இன்னொரு உதாரணம். பூமணிக்குக் கரிசல் காட்டில் பிறந்த பின்புலம் கையிலேயே இருந்தது. அதை வைத்துக்கொண்டே இன்னும் நாலு நாவல் எழுதியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கழுகுமலையிலும் சிவகாசியிலும் நடந்த கலவரங்களைத் தேடிப் போனார், பழைய ஆவணங்களைப் புரட்டினார். ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய 'அஞ்ஞாடி' 2012இல் வந்தது. 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சொந்த மண்ணைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதவர் எழுதிய நாவல் அது.

சொந்த மண் என்று சொன்னால் நம் சமூகம் பண்ணும் இன்னொரு கூத்தையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து வாழ்க்கையை அப்படியே எழுது என்கிறோம். அப்படியே எழுதினால் தாங்க மாட்டோம். ம. நவீனின் 'பேய்ச்சி' கெடா, லுனாஸ் பக்கத்துத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட நாவல். 2019இல் வந்தது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்று சொல்லி 2020 கடைசியில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. அந்தச் சமயத்தில் நடந்த வாய்ச்சண்டையை நினைத்துப் பாருங்கள். எந்தப் பாத்திரம், எந்த இடத்தில், ஏன் அந்த வசையைப் பேசுகிறது என்று கேட்டவர்களைவிட, எழுதியவர் யார், அவர் வளர்ப்பு எப்படி, வாத்தியாராக இருந்துகொண்டு இப்படி எழுதலாமா என்று கேட்டவர்கள்தான் அதிகம். மேடையில் "எந்தத் தோட்டம்?" என்று கேட்கும் அதே வாய்தான் இதையும் கேட்கிறது. இரண்டு இடத்திலும் நாவல் மூடியே கிடக்கிறது. ஆளைப் பிடித்திருந்தால் பொன்னாடை, பிடிக்காவிட்டால் புகார்க் கடிதம். 'பேய்ச்சி' நல்ல நாவலா, சுமாரா, எங்கே மிகை என்பதெல்லாம் வாசகர்கள் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். தடை அந்தச் சண்டையையே நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. நம்மில் சிலர் அதற்குக் கைதட்டினோம்.

எனக்கு மிகவும் வலிப்பது கடைசி விஷயம்தான். மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள், நன்றாகப் பேசுகிறவர்கள். எழுதுங்களேன் என்றால் ஒரே பதில்: "எங்ககிட்ட என்ன இருக்கு, அண்ணே? நாங்க கித்தாத் தோட்டத்தையே பாத்ததில்ல."

பாருங்கள், அந்தக் கேள்வி எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று. தோட்டம் இல்லாதவனுக்குக் கதை இல்லை என்று அவர்களை நம்ப வைத்துவிட்டோம். இத்தனைக்கும் ஜொகூரில் அவர்கள் தாத்தா வெட்டிய பால்மரம் எப்போதோ சாய்ந்துவிட்டது. அங்கே செம்பனை நிற்கிறது, குலை அறுப்பது இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். கொஞ்ச இடத்தில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரப் பலகை நிற்கிறது. லயத்தைக் காலி செய்து வந்த குடும்பத்தின் பேரன் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறான். அவன் கடக்கும் பாலம் 1924இல் திறந்தது, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பிரிட்டிஷார் 1942 ஜனவரி 31இல் அதில் வெடி வைத்துவிட்டுத்தான் சிங்கப்பூருக்குள் ஒளிந்தார்கள். அதே பாலத்தில் இவன் மழையில் ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் புது ரயிலுக்குத் தூண்கள் எழுந்துவிட்டன. சம்பளம் அந்த நாட்டுக் காசில், வீட்டுக் கடன் இந்த நாட்டுக் காசில். இரண்டுக்கும் நம் வாயில் ஒரே பெயர்: வெள்ளி. பிள்ளை தூங்கும்போது கிளம்பி, பிள்ளை தூங்கிய பிறகு வருகிறான். அங்கே அவன் மலேசியாக்காரன், இங்கே அவன் இந்தியன், ஊரில் பெரியப்பாவுக்கு அவன் 'சிங்கப்பூர்க்காரன்'.

இதில் நாவல் இல்லையா? இருக்கிறது. ஆனால் இதைத் தோட்டத்து நாவலின் அச்சில் ஊற்றினால் வராது. அழுகிற பாட்டி இங்கே இல்லை, கொடுமைக்காரத் துரை இல்லை. ஏமாற்றுகிறவன் பெரும்பாலும் நம்மாளே. ஆசைப்படுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒரே ஆள். காலைக்கும் இரவுக்கும் நடுவில் மொழி மூன்று முறை மாறுகிறது. இதை எழுத புது வாக்கியம் வேண்டும். அதைத் தேடுவதற்கு அந்தப் பையனுக்கு நாம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது வாசிப்பு. நாம் சொல்லிக்கொடுத்தது, வாழ்க்கை வரலாற்றுக் குறிப்பு எப்படி எழுதுவது என்று.

ஆகவே ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த நாவல் கூட்டத்தில் எழுத்தாளர் அறிமுகத்தை இரண்டு நிமிஷத்தில் முடியுங்கள். நாவலைப் படித்த மூன்று பேரை முன்வரிசையில் உட்கார வையுங்கள், அதில் ஒருவருக்காவது அந்த நாவல் பிடிக்காமல் இருக்கட்டும். எத்தனை அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டீர்கள், இந்த ஆளைப் பற்றி உங்களுக்கே தெரியாமல் இருந்தது என்ன, இந்தப் பேச்சை யாரிடம் கேட்டுப் பிடித்தீர்கள், எழுதும்போது யாரைப் படித்தீர்கள், எங்கே பயந்து பின்வாங்கினீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தாளர் கோபப்பட்டால் படட்டும். அன்றைக்காவது மீ கோரேங் ஆறிப் போகும்வரை பேச்சு நீளும்.

நாவலாசிரியர்களுக்கும் ஒன்று. உங்கள் கஷ்டத்தை யாரும் மறுக்கவில்லை, இனியும் அதை நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் பாட்டி நிஜம் என்று நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் நாவலில் அவர் இன்னும் பிறக்கவில்லை. திரும்பப் போய் எழுதுங்கள். அவர் ஒரு பொய் சொல்லட்டும், பக்கத்து லயத்துக்காரியைப் பார்த்துப் பொறாமைப்படட்டும், பேரனைப் பார்த்து நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்கட்டும். எந்தத் தோட்டம் என்று அப்புறம் யாருக்கும் கேட்கத் தோன்றாது.